மூன்று சந்தன மரங்களும் நான் சொன்ன ஒரு பெயரும்

மகனே,

நீ வெளிநாடு கிளம்பும் முன்னால் சென்னைக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போகச் சொல்லி நேற்றும் போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. முந்தாநாளும் எடுக்கவில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று குரலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் நீ குரலைத் தாழ்த்தி ஒரு தடவை "அம்மா" என்பாய். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். முப்பத்து நான்கு வருடமாக அப்படித்தான் நடந்துவருகிறது. அதனால் எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடாதே. கடைசி வரி வரைக்கும் படி.

உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் முதலிலிருந்து எழுதுகிறேனே என்று அலுத்துக்கொள்ளாதே. இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. வரிக்கு வரி இதையே இன்னொரு தாளிலும் எழுதிக்கொண்டு வருகிறேன். அது யாருக்கு என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

உன் அப்பா மாரடைப்பில் போனபோது நீ ஆறாம் வகுப்பு. வாரிசு வேலையாக என்னைச் சுரங்கத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். பதினேழு வருடம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ஆட்கள் வந்து ஸ்பானர், செயின் புல்லி, ஹேண்ட் லேம்ப் என்று கேட்பார்கள். நம்பர் பார்த்துக் கொடுப்பேன், கையெழுத்து வாங்குவேன், ஷிஃப்ட் முடிந்ததும் நம்பர் பார்த்துத் திரும்ப வாங்குவேன். ஒரு சின்ன ரெஞ்ச் வரவில்லை என்றாலும் கவுண்டரை விட்டு எழுந்திருக்க மாட்டேன். "அந்தம்மா கிட்ட ஒரு நட்டு கூட தப்பிக்க முடியாது" என்று கேலி பேசுவார்கள். எனக்கு உள்ளுக்குள் அதில் பெருமைதான். நான் ரிட்டயர் ஆனபோது நீ சென்னையில் நல்ல வேலையில் இருந்தாய். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாய். நான்தான் உன் அப்பா பங்காக வந்த முந்திரிக் கொல்லையில் இரண்டு ரூம் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து பண்ருட்டி போகிற பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இறங்கி, செம்மண் பாதையில் கொஞ்சம் நடக்க வேண்டும்.

அந்தக் கொல்லையில் ஐந்து சந்தன மரங்கள் இருந்தன. யாரும் நட்டதில்லை. பறவை பழத்தைத் தின்றுவிட்டு எச்சமிட்டு முளைத்தவை. உன் அப்பா இருந்தபோதே ஆள் உயரத்துக்கு மேல் இருந்த செடிகள்தாம்; ஏதோ காட்டுமரம் என்று விட்டுவைத்திருந்தார். முந்திரி வேரோடு தன் வேரைக் கோத்துக்கொண்டு அதன் சத்தை உறிஞ்சி வளர்கிற மரம் அது. பக்கத்து முந்திரி காய்ப்புக் குறைந்ததே என்று பார்த்தபோதுதான் அது சந்தனம் என்று கண்டுபிடித்தோம். வாசனை ஒன்றும் வராது. கிளையை ஒடித்து முகர்ந்து பார்த்தாலும் வெறும் பச்சை மர வாடைதான். வாசமெல்லாம் உள்ளே வைரம் என்கிற நடுக்கட்டையில் இருக்கிறது. அது ஏற இருபது இருபத்தைந்து வருடம் ஆகும்.

சட்டம் உனக்கும் தெரியும். நம் பட்டா நிலத்தில் சந்தனம் வளர்க்கலாம். ஆனால் நாமே வெட்ட முடியாது, விற்க முடியாது. வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து பார்த்து, அவர்களே வெட்டி, அவர்களே விற்றுக் கொடுப்பார்கள். நான் வி.ஏ.ஓ.விடம் போய் ஐந்து மரத்தையும் நிலத்தின் அடங்கல் பதிவேட்டில் ஏற்றச் சொன்னேன். அதோடு விடாமல் வனவரையும் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஜனங்க மரம் இருக்கறதையே மறைப்பாங்க. நீங்க இன்னாடான்னா பஸ் ஏறி வந்து சொல்லிகினு இருக்கீங்க" என்று சிரித்தார். ஒரு நாள் வந்து சுற்றளவு அளந்து, மரத்துக்கு மரம் சிவப்பு பெயின்ட்டில் நம்பர் எழுதிவிட்டுப் போனார். நீ அப்போது லீவில் வந்திருந்தாய். நம்பரைப் பார்த்ததும் உன் முகம் மாறியது.

"நம்ம நெலம், நம்ம மரம். நாம தொடக்கூடாதுன்னா அது என்னம்மா சட்டம்? பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் அது முள்ளாகத்தான் இருந்தது. சொந்த மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு யாரோ ஒருத்தி போல அண்ணாந்து பார்ப்பது ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனாலும் உன்னிடம் சொன்னேன்: "அந்தக் கட்டுப்பாடு இல்லன்னா இந்தப் பக்கம் ஒரு சந்தனச் செடி கூட மிஞ்சியிருக்காதுடா. இருக்கட்டும். உன் புள்ள காலத்துல பார்த்துக்கலாம்." நீ வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாய். சரி என்று ஒத்துக்கொண்டாய் என்றுதான் நினைத்தேன்.

இப்போது செல்வராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லையின் மேற்கு ஓரத்தில் அவன் வீடு. சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே விழுகிற மண்ணை அள்ளிச் சுத்தம் செய்கிற வேலை. மனைவி அஞ்சலை, நர்சிங் படிக்கிற ஒரு மகள். நான் இங்கே வந்த வருடம் அடித்த புயலில் என் கூரைத் தகடு பறந்து போனதும், அவன் தன் வீட்டுக் கூரையை விட்டுவிட்டு முதலில் என்னுடையதைக் கட்டிக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். சம்பளம் என்று அவனுக்கு நான் எதுவும் கொடுத்ததில்லை. முந்திரி பொறுக்கும் காலத்தில் அஞ்சலை கூட நின்று பொறுக்குவாள், அவர்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் திரும்பும்போது கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி அந்த ஐந்து மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் அவன் படுக்கப் போவான். நான் கேட்டுச் செய்தது இல்லை அது.

போன கார்த்திகையில் நீ ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். சொட்டுநீர் போடுவதற்கு மண் பரிசோதனை என்றாய். அவர் ஒரு பையோடு கொல்லைக்குள் போய் ஒரு மணி நேரம் இருந்தார். நான் உங்கள் இருவருக்கும் பலாக்கொட்டை போட்டுக் குழம்பு வைத்தேன். நீங்கள் போன மறு வாரம் செல்வராசு வந்து கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க. மூணு மரத்துல தொள போட்டு களிமண்ண அப்பிகிறாங்க."

பார்த்தேன். இடுப்பு உயரத்தில், சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. "வண்டு தொளச்சிருக்கும்" என்றேன். "வண்டு இவ்ளோ நேரா தொளைக்காதுக்கா. உள்ள வைரம் இருக்குதான்னு பாக்கறவங்க இப்படித்தான் போடுவாங்க. ஆபீஸ்ல சொல்லி வைங்க" என்றான். நான் பொங்கல் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

பொங்கலுக்கு எப்போதும் நீ, உன் பெண்டாட்டி, பேத்தி மூவரும்தான் இங்கே வருவீர்கள். இந்தத் தடவை நீ காரோடு வந்து நின்றாய். "நீ எத்தனை வருஷந்தாம்மா தனியாவே பொங்க வைப்ப? ஒரு வாரம் வந்து எங்களோட இரு. குட்டி ஆயா ஆயான்னு அழுவுறா" என்றாய். வேண்டாம் என்ற என்னை நீ விடவில்லை. என் புடவைகளை நீயே மடித்துப் பையில் வைத்தாய். அந்த ஒரு வாரத்தை நான் எப்படி எழுதுவேன்? கடற்கரைக்குக் கூட்டிப் போனாய். அலையில் நான் தடுமாறியபோது கையைப் பிடித்துக்கொண்டாய். கரைக்கு வந்த பிறகும் விடாமல் பிடித்திருந்தாய். புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாய். மூன்றாம் நாள் நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றதற்கு, "ஒரு தடவையாவது எனக்காக இரும்மா" என்றாய். இருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா போன பிறகு நான் பட்டதற்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது என்று மனம் குளிர்ந்துபோய் வந்தேன்.

கொல்லையில் மூன்று குழிகள் இருந்தன. வெட்டியது மட்டுமில்லை, வேரில்கூட எண்ணெய் இருக்கிறது என்று அடியோடு தோண்டி எடுத்துப் போயிருந்தார்கள். செம்மண் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தது. சிம்பு, இலை தவிர மரம் என்று ஒரு துண்டு மிச்சமில்லை. பொங்கல் மைக்செட் சத்தத்தில் ரம்பச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. செல்வராசு வருடா வருடம் போவது போல நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருக்கிற மாமியார் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தான். அவன் எப்போது போவான், எப்போது வருவான் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம் கேட்டார்: "யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

மகனே, இதை நன்றாகப் படி. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் செல்வராசு பெயரைச் சொன்னேன். எந்தெந்த மரத்தில் வைரம் ஏறியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும் என்றேன். ஓட்டை போட்டிருப்பதை முதலில் வந்து சொன்னதே அவன்தான் என்றேன். சரியாக மரம் போகிற அன்றைக்குப் பார்த்து ஊரில் இல்லாமல் போனான் என்றேன். என்னை எச்சரிக்க அவன் சொன்ன வார்த்தையையே அவனுக்கு எதிராகத் திருப்பிக் கொடுத்தேன். அன்று மாலை உனக்குப் போன் செய்து சொன்னபோது நீ, "யாரை நம்பறதுன்னே தெரியல இந்தக் காலத்துல" என்றாய். அதுவும் உன் வாயிலிருந்து வந்ததுதான்.

அவனை விசாரணைக்குக் கூட்டிப் போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எந்த ஆதாரமும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்தவனைக் கான்ட்ராக்டர் வேலைக்குச் சேர்க்கவில்லை. கேஸில் பெயர் அடிபட்டவனுக்கு கேட் பாஸ் எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டாராம். பதினான்கு வருடம் பெல்ட்டுக்கு அடியில் மண் அள்ளியவன் மந்தாரக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் சிமென்ட் மூட்டை தூக்கப் போனான். ஊரில் யாராவது கொல்லையில் ஒரு தேங்காய் காணாமல் போனாலும் அவன் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். அஞ்சலை என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டாள். இந்த வருடம் முந்திரியை நான் பண்ருட்டியிலிருந்து கூலிக்கு ஆள் வைத்துப் பொறுக்கினேன். குற்றம் செய்தவர்களுக்கு இவ்வளவு ரோஷமா என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆடி மாதம் ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்தோம். மிச்சம் இருக்கிற இரண்டு மரத்தைப் பார்க்க வனவர் வந்தார், போன மூன்றும் நல்ல வைரம் பாய்ந்த மரங்களாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்டார் என்று சொன்னேன். நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டே பேசினாய் போலிருக்கிறது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அடியில நாலு வெரக்கடைதான் வைரம். மேல வெறும் வெள்ளை."

நான் ஸ்டோர்ஸ்காரி. பொருளை விட்டுக் கண்ணை எடுக்காதவள். வேர் முதல் நுனி வரை ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் எடுத்துப் போன மரத்தின் உள்ளே எத்தனை விரற்கடை என்பது, அறுத்துப் பார்த்தவனுக்கும் பக்கத்தில் நின்று கேட்டவனுக்கும் தவிர வேறு யாருக்குத் தெரியும்? "உனக்கு யாருடா சொன்னது?" என்றேன். "பொதுவா சொன்னேம்மா" என்றாய். "பொதுவா நாலு வெரக்கடையா?" என்றேன். போனை வைத்துவிட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ தனியாக வந்தாய். உன் பெண்டாட்டிக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தாய். அதை நம்புகிறேன். அந்த மண் பரிசோதனை நண்பர் யார், அவர் மூலம் வந்தவர்கள் யார் என்று எல்லாவற்றையும் சொன்னாய். புது நாட்டில் போய் இறங்கும்போது கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்ததாகச் சொன்னாய். கேட்டிருந்தால் நான் கொல்லையையே எழுதிக் கொடுத்திருப்பேன் என்பது உனக்குத் தெரியாதா?

"திருடலம்மா. நம்ம மரத்த நாமளே எடுத்துக்கிட்டோம். அதுக்குப் பேர் திருட்டா?"

"அப்ப ஏண்டா என்னைக் கொண்டுபோய் ஒரு வாரம் பூட்டி வச்ச?"

அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடம்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போனது. மரம் போனதைத் தாங்கிக்கொண்டேன். சட்டத்தை நீ மீறியதைக்கூட ஒரு நாள் தாங்கிக்கொள்வேன். ஆனால் கடற்கரையில் நீ பிடித்த கையை என்ன செய்வது? கரைக்கு வந்த பிறகும் விடாமல் பிடித்திருந்தாயே, அது பாசத்துக்காகவா, இல்லை, இன்னும் இரண்டு நாள் என்னை அங்கேயே நிறுத்தி வைப்பதற்காகவா? அன்றிலிருந்து அந்த வாரத்தில் நடந்த ஒவ்வொன்றையும் எடுத்து இது நிஜமா, அது நிஜமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கண்ணாடி வழியாகத்தான் இதையும் எழுதுகிறேன். பெற்றவளுக்கு இப்படி ஒரு வேலை வைக்கலாமா நீ?

"செல்வராசு குடும்பம் என்னாச்சுன்னு ஒரு தடவை நெனச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னாய்: "அவர் பேரை நான் சொன்னேனாம்மா? நீதான சொன்ன."

அறைந்தது போல இருந்தது. ஏனென்றால் அது உண்மை. உன் குற்றத்தில் என் பங்கு எது என்பதை எனக்கு எடுத்துச் சொன்னவன் நீதான். கிளம்பும்போது வாசலில் நின்று, "நான் போயிடறேம்மா. போனப்புறம் யார்கிட்ட என்ன வேணா சொல்லிக்க. இப்ப சொன்னா எல்லாம் நின்னுடும்" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உன்னை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் கிளாஸ் டீச்சர் என்னை வரச் சொன்னார். கணக்கில் ஃபெயில் ஆன ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீ போட்டிருந்தாய். 'இது உங்க கையெழுத்துதானா?' என்று அவர் கார்டை நீட்டினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆயிரம் பேருடைய கையெழுத்தைப் பார்த்தே வேலை செய்கிறவளுக்குத் தன் கையெழுத்து தெரியாதா? ஆனால் நீ சுவரோரம் நின்றிருந்தாய். அப்பா இல்லாத பிள்ளை. "என்னோடதுதாங்க மேடம், அவசரத்துல போட்டேன்" என்றேன். அந்த டீச்சர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வரும்போது நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஒரு நல்ல மனுஷியைப் பொய்க்காரி ஆக்கினோம், நீயும் நானும் சேர்ந்து. வீட்டுக்கு வந்து உனக்குப் பிடித்த சேமியா பாயசம் வேறு செய்து கொடுத்தேன்.

உண்மை தெரிந்த பிறகு நான் உடனே எழுந்து ஓடிவிடவில்லை. பத்தொன்பது நாள் சும்மா இருந்தேன். நீ போய்விடட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான் நானும் நினைத்தேன். விசா வந்துவிட்டது என்று நீ செய்தி அனுப்பியபோது சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். ஏற்றிவிட்டுத் திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே அஞ்சலை விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்தாள். நம் கொல்லையில் சருகு பொறுக்கியவள், இப்போது நம் வேலியைச் சுற்றிக்கொண்டு தூரத்துப் புறம்போக்கிலிருந்து தூக்கி வருகிறாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாதி உண்மையோடுதான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். உன் பெயரைச் சொல்லாமல், செல்வராசுமேல் சந்தேகப்பட்டது என் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். செல்வராசு அப்போதுதான் மூட்டை தூக்கிவிட்டு வந்திருந்தான். தலைமயிரில், புருவத்தில் எல்லாம் சிமென்ட். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"நான் உன் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது செல்வராசு. தப்பு பண்ணிட்டேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். "யாருன்னு தெரிஞ்சிடுச்சாக்கா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அஞ்சலை உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். மண் பரிசோதனைக்கு வந்தவரை அவனும் பார்த்திருக்கிறான் இல்லையா. தலையை நிமிர்த்தியபோது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோபமே இல்லாமல்தான் கேட்டான்:

"உன் புள்ள பேர சொல்றதுக்கு இத்தினி நாளா யோசிச்சிகினு இருக்க. என் பேர சொல்லும்போது ஒரு நிமிசம் யோசிக்கலியேக்கா?"

அவன் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அஞ்சலை மட்டும், "எம் பொண்ணு காலேஜ்ல ஃபாரம் குடுத்தாங்க. அப்பா இன்னா வேலன்னு கேட்டதுக்கு அவ ஒண்ணும் எழுதாம வுட்டுட்டு வந்துட்டா" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் காலையில் வனச்சரக அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். துளை போட்ட நாளிலிருந்து நாலு விரற்கடை வரைக்கும். ரேஞ்சர் வயதில் உன்னைவிடச் சின்னவர். படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்து, "நீங்க பெத்த புள்ளம்மா. நல்லா யோசிச்சுட்டுக் குடுங்க. வேணும்னா நாளைக்கு வாங்க" என்றார். "ஏற்கெனவே யோசிக்காம ஒண்ணு குடுத்திருக்கேன் சார். இது யோசிச்சு குடுக்கறது" என்றேன். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அங்கிருந்து செல்வராசுவைக் கூட்டிக்கொண்டு மந்தாரக்குப்பம் போய்க் கான்ட்ராக்டரையும் பார்த்தேன். இவன் பேரில் எந்தத் தப்பும் இல்லை, பொய்யாகச் சொன்னது நான் என்று அவரிடம் சொன்னேன். "பாக்கலாம்மா. அந்த எடத்துல வேற ஆள் போட்டாச்சு" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவன் படிக்கட்டில் நின்றுகொண்டான். இறங்கிய பிறகும் வீடு வரை பத்தடி முன்னாலேயே நடந்தான். எட்டு மாதம் நான் அவனுக்குச் செய்தது ஒரு பஸ் பயணத்தில் சரியாகிவிடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது பிரதி அவனுக்குத்தான். அவன் மகள் படித்துக் காட்டுவாள். ஊரில் யாருக்குக் காட்ட வேண்டுமானாலும் காட்டட்டும், டீக்கடைச் சுவரில் ஒட்டினாலும் ஒட்டட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன் பெயர் கெடும். என் பெயரும்தான் கெடும். அவன் பெயர் கெட்டபோது நாம் இருவரும் நன்றாகத்தான் சாப்பிட்டோம், தூங்கினோம்.

இப்போது நீ கேட்க விரும்புவதைச் சொல்கிறேன். உன் பயணம் நின்றுவிடுமா? தெரியாது. கேஸ், வக்கீல், ஜாமீன் எல்லாம் வரும் என்று தெரியும். ஆனால் காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகச் சில நாள் ஆகும் என்று அங்கே ஒருவர் சொன்னார். உன் டிக்கெட் தேதி அதற்கு முன்னால் இருக்கிறது. அதாவது, நீ நினைத்தால் போய்விடலாம். நான் இதை உன்னிடம் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. போவதும் வருவதும் நீ முடிவு செய்வதாக இருக்க வேண்டும். போனால், போய்ச் சேர்ந்தேன் என்று எனக்குச் செய்தி அனுப்பாதே. குட்டியை மட்டும் எப்போதாவது என்னோடு பேச விடு.

வருவதானால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வனச்சரக அலுவலகத்துக்கு வா. உன் பெண்டாட்டியிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வா. அவள் வேறு யார் மூலமாகவும் கேட்கக் கூடாது. நான் உன்னைத் திட்ட மாட்டேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை நாள் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பேன். நீ செய்ததற்காக உன்மேல் இருக்கிற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சீக்கிரத்தில் ஆறும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் நீ என் பிள்ளை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்லிவிட முடிந்தால் எனக்கும் சுலபமாகப் போயிருக்கும்.

அன்றைக்கு செல்வராசுவையும் ரேஞ்சர் வரச் சொல்லியிருக்கிறார். அவனிடமும் புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டுமாம். நேற்று இந்தப் பிரதியைப் பற்றிச் சொல்லப் போனபோது, "தம்பி வருமாக்கா?" என்று கேட்டான். உன்னைக் கேட்காமலேயே வருவான் என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. "பாக்கலாங்க்கா" என்று மட்டும் சொன்னான்.

அவனைப் பற்றி நான் ஒரு தடவை பொய் சொன்னேன். அவனிடமும் என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதே.

அம்மா